பெருநாளைக்குக் குமண போகிறீர்களா? முதலில் மாதத்தைப் பாருங்கள்

வருடத்துக்கு இரண்டு முறை எனக்கு இந்தத் தொலைபேசி அழைப்பு வரும். கொழும்பிலிருந்தோ மாவனல்லையிலிருந்தோ காத்தான்குடியிலிருந்தோ யாராவது ஒரு உறவுக்காரர் எடுப்பார். "மச்சான், பெருநாளைக்கு அடுத்த நாள் வாறம். ரெண்டு ஹயஸ். அறுகம்பையில குளிச்சிட்டு அப்பிடியே குமணக்குப் போவம் எண்டு இருக்கிறம். யானை, புலி எல்லாம் பார்க்கலாம்தானே?"

பொத்துவில் பக்கம் வாழ்கிறவனுக்குக் காட்டில் இன்று என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நான் எப்போதும் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்த முறை பெருநாள் எந்த மாதத்தில் வருகிறது? அவர்கள் சிரிப்பார்கள். பெருநாள் எந்த மாதத்தில் வந்தாலும் காடு காடுதானே என்பார்கள்.

அப்படியல்ல. எமது மாதங்கள் பிறையோடு நகர்கின்றன. ஒவ்வொரு வருடமும் பெருநாள் பத்து, பதினொரு நாட்கள் முன்னே வருகிறது. 2015 இல் நோன்புப் பெருநாள் ஜூலை நடுப்பகுதியில் வந்தது. 2025 இல் அது மார்ச் மாதக் கடைசிக்கு வந்துவிட்டது. முஸ்லிம் பாடசாலைகளின் நோன்பு விடுமுறையும் அதனோடு சேர்ந்தே நகர்கிறது. காட்டின் வருடமோ நகர்வதில்லை. அது மழையில் தொடங்கி வரட்சியில் முடிகிறது. ஆகவே ஒரே குடும்பம் பத்து வருட இடைவெளியில் இரண்டு நோன்புப் பெருநாளுக்குக் குமண போனால், பார்ப்பது இரண்டு வேறு காடுகளை. இது புரியாததால்தான் சிலர் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். வேறு சிலர் தெரியாமலேயே கெடுதி செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். இரண்டாவதுதான் என்னை இதை எழுத வைத்தது.

குமணவைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொத்துவிலில் இருந்து அறுகம்பை தாண்டி, பாணமை தாண்டி, உகந்தைக்குப் போனால் பூங்காவின் வாயில் வரும். தெற்கே குமுக்கன் ஆறு எல்லை. ஆற்றுக்கு அப்பால் யால. 1938 இலேயே பறவைகள் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடம் இது. பிறகு யால கிழக்கு என்ற பெயரில் தேசிய பூங்காவாகி, 2006 இல் குமண என்று பெயர் மாறியது. எமது பழையவர்கள் கூமுனை என்பார்கள். யுத்தம் காரணமாக 1985 முதல் 2003 வரை மூடியே கிடந்தது. திறந்த அடுத்த வருடமே சுனாமி வந்து அடித்தது. 250 இற்கும் அதிகமான பறவை இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன.

இதன் இதயம் குமண வில்லு. ஏறத்தாழ 200 ஹெக்டேயர் பரப்புள்ள ஆழமற்ற சதுப்பு ஏரி. குமுக்கன் ஆற்றிலிருந்து அரை மைல் நீளமான ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றின் வழியாகத் தண்ணீர் இதற்குள் வருகிறது. நடுவே கண்டல் மரங்களும் நாணற் புதர்களும். இந்த வில்லில் தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்துத்தான் அங்கே எல்லா உயிரும் தன் வேலையைப் பார்க்கிறது.

காட்டின் வருடத்தை ஜனவரியில் தொடங்கக் கூடாது. ஒக்டோபரில் தொடங்க வேண்டும். அப்போதுதான் முதல் மழை விழும். அதற்குச் சற்று முன்பே ஆறுமணிக் குருவி வந்திருக்கும். காலையில் ஆறு மணி அளவிலும் மாலையில் ஆறு மணி அளவிலும் கூவுவதால் அதற்கு அந்தப் பெயர். எங்கள் வளவுகளுக்கும் வரும். இமயமலை அடிவாரப் பக்கமிருந்து வந்து, நவரத்தினம் போல நிறங்களோடு எங்கள் பற்றைக்குள் சருகு கிளறித் திரியும். அதன் சத்தத்தைக் கேட்டால் வயற்காரர்கள் மாரி வெள்ளாமைக்குத் தயாராகிவிடுவார்கள்.

நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதமும் வடகீழ்ப் பருவமழை. காட்டுப் பாதை சேறாகும். எங்கு பார்த்தாலும் தண்ணீர், எங்கு பார்த்தாலும் பச்சைப் புல். இந்தக் காலத்தில் யானை பார்க்கப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுவார்கள். காரணம் எளிது. வரட்சியில் நாலு குளத்தில் மட்டும் தண்ணீர் இருந்தால் மிருகம் அந்த நாலு குளத்துக்குத்தான் வரும். காடு முழுவதும் தண்ணீர் இருந்தால் அது ஏன் உங்கள் ஜீப் நிற்கிற இடத்துக்கு வர வேண்டும்? ஒரு தடவை டிசம்பரில் போன என் மருமகன், "காசு குடுத்து மழை பார்த்திட்டு வந்தம் மாமா" என்றான்.

ஆனால் அதே மாதங்களில் பறவை பார்க்கத் தெரிந்தவனுக்குக் குமண ஒரு சந்தை மாதிரி. சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் பனி விழத் தொடங்கியதும் அங்கிருந்து கிளம்பும் ஊசிவால் வாத்துகளும், உள்ளான்களும், கோட்டான்களும், பொன்னிற உப்புக்கொத்திகளும் இந்தியாவின் மேலாகப் பறந்து இங்கே வந்து இறங்குகின்றன. இதற்குத் தெற்கே அவற்றுக்கு நிலம் இல்லை. அண்டார்டிக்கா வரை கடல்தான். எனவே இலங்கையின் தென்கிழக்குக் கரை அவற்றுக்குப் பயணத்தின் கடைசித் தரிப்பிடம். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை ஓய்ந்து, பாதை காய்ந்து, களப்புகளின் ஓரத்தில் சேறு தெரியத் தொடங்கும்போது அவற்றைப் பார்ப்பது மிக இலகு. ஏப்ரலில் பெரும்பாலானவை போய்விடும். ஆறுமணிக் குருவியும் போய்விடும்.

இவ்வளவு தூரம் வராமல் இங்கேயே இருக்கும் பறவை ஒன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கொண்டலாத்தி. தலையில் விசிறி போலக் கொண்டை, இறக்கையில் கறுப்பு வெள்ளை வரி. சுலைமான் நபியின் வரலாற்றில் வரும் ஹுத்ஹுத் இதுதான் என்று சொன்னால் வேனில் தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையும் எழும்பிப் பார்க்கும். கரையோரப் புல்வெளிகளில் நிலத்தைக் கொத்திக்கொண்டு நிற்கும்.

இனி மே, ஜூன் மாதங்களுக்கு வருகிறேன். குமணவின் பெயரை உலகுக்குச் சொன்னவை இந்த இரண்டு மாதங்கள்தான்.

மழை நின்று சில மாதங்கள் ஆகியிருக்கும். வில்லின் தண்ணீர் இறங்கத் தொடங்கும். தண்ணீர் குறையக் குறைய மீன்கள் சிறிய இடத்துக்குள் நெருங்கும். பெரிய குளத்தில் தேடித் திரிய வேண்டிய மீனை இப்போது குட்டையில் அள்ளலாம். நீர்ப்பறவைகள் இதற்காகத்தான் காத்திருக்கின்றன. மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், கூழைக்கடா, வக்கா, நீர்க்காகம், பலவகைக் கொக்குகள் என எல்லாம் அந்தக் கண்டல் மரங்களில் பக்கத்துக்குப் பக்கமாகக் கூடு கட்டுகின்றன. ஒரே மரத்தில் மேல் மாடி ஒரு இனம், கீழ் மாடி ஒரு இனம். எங்கள் கல்யாண வீட்டுச் சமையற்கட்டு தோற்றுவிடும், அவ்வளவு சத்தம். எச்சத்தின் வாடையும் சும்மா அல்ல.

இந்த நாரைகளின் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். மஞ்சள் மூக்கு நாரை முட்டையிட்டு அடைகாக்க ஏறத்தாழ ஒரு மாதம். பொரித்த குஞ்சு பறக்க இன்னும் சுமார் இரண்டு மாதம். ஆக மூன்று மாதம் அந்தக் கூட்டில் ஒரு பெற்றோராவது நிற்க வேண்டும். மே மாத வெயிலில் குஞ்சுக்கு இறகு இல்லை. தாயோ தகப்பனோ இறக்கையை விரித்துக் குடைபோல நிழல் பிடிக்கும். ஒன்று நிழல் பிடிக்க மற்றது போய் மீன் கொண்டு வரும். சில நேரம் வயிற்றில் தண்ணீரைக் கொண்டுவந்து குஞ்சின் மேல் கக்கிக் குளிர வைக்கும்.

இப்போது அந்த மரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாகனம் வந்து ஹோர்ன் அடித்தால் என்ன நடக்கும்? ஒருவன் இறங்கிக் கை தட்டினால்? "எல்லாம் ஒண்டாப் பறக்கிறத வீடியோ எடுப்பம்" என்று ஒரு கல்லை விட்டெறிந்தால்? பறக்கத்தான் செய்யும். பார்க்க அழகாகவும் இருக்கும். அந்தச் சில நிமிடத்தில் திறந்து கிடக்கும் முட்டையைக் காகம் கொத்தும். குஞ்சு வெயிலில் வாடும். பயத்தில் விளிம்புக்கு நகர்ந்த குஞ்சு கீழே விழும். கீழே முதலையும் கபரகொய்யாவும் காத்திருக்கின்றன. அவற்றைக் குறை சொல்ல முடியாது, அது அவற்றின் றிஸ்க். கல்லெறிந்தவனுக்கு அங்கே என்ன தேவை இருந்தது?

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் என் கண்ணால் பார்த்தேன். பாட்டு ஒலிக்கும் பெட்டியோடு வந்த இளைஞர் கூட்டம். எமது பிள்ளைகள்தான். வழிகாட்டியாக வந்தவர் சொன்னதையும் கேட்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அன்று காலை தொழுதுவிட்டு, குர்பான் இறைச்சி பங்கு வைத்துவிட்டு வந்தவர்கள். அந்த மரங்களில் அந்த மாதம் என்ன நடக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 2015 இல் ஹஜ்ஜுப் பெருநாள் செப்டம்பர் கடைசியில் வந்தது. அப்போது வில்லில் கூடுகள் இல்லை. 2023 முதல் 2028 வரையான ஆறு வருடங்களிலோ ஹஜ்ஜுப் பெருநாள் மே, ஜூன் மாதங்களுக்குள்தான் விழுகிறது. அதாவது எமது மக்கள் அதிகமாகப் பயணம் போகும் நாட்களும் குமணவின் குஞ்சு வளர்க்கும் நாட்களும் ஒன்றின் மேல் ஒன்று வந்து நிற்கின்றன. அறுகம்பையில் அலைச்சறுக்கு விளையாடும் வெளிநாட்டவரின் பருவமும் மே மாதத்தில்தான் தொடங்குகிறது. எல்லா ஜீப்பும் ஒரே நேரத்தில் ஒரே வில்லுக்குப் போகிறது.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜீப் ஓட்டிப் பிழைக்கிறவர்களில் எமது ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்கள் வயிற்றில் அடிக்க முடியாது. ஆனால் ஹஜ்ஜு மாதத்தில் இஹ்ராம் கட்டியவர் தரைவாழ் பிராணியை வேட்டையாடக் கூடாது, ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டக் கூடாது, மரத்தை வெட்டக் கூடாது என்பது எமக்குத் தெரிந்த சட்டம். அங்கே ஹாஜிமார் ஒரு புறாவைக்கூடக் கலைக்காமல் நடக்கும் அதே நாட்களில், இங்கே நாம் பெருநாள் கொண்டாட்டம் என்று நாரையைக் கலைப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. இது பத்வா அல்ல, ஒரு சாதாரண மனிதனின் மனவருத்தம்.

கூடு மரங்கள் தெரியும் இடத்துக்கு முன்பே வாகனச் சத்தத்தைக் குறைத்து, இறங்காமல், பத்து நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்தால் போதும். தொலைநோக்கி ஒன்று இருந்தால் குஞ்சின் வாய்க்குள் மீன் போவது வரை தெரியும். ட்ரோன் கருவியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். மேலிருந்து ஒரு பொருள் இறங்கி வருவதைப் பறவை பருந்தாகத்தான் பார்க்கும்.

ஜூன், ஜூலையில் பாலைப்பழம் பழுக்கும். எங்கள் பக்கம் வீதியோரத்தில் விற்பார்களே, அதே மஞ்சள் பழம். காட்டில் அதற்குப் பெரிய வாடிக்கையாளர் கரடி. வருடத்தில் மற்ற நாட்களில் கண்ணில் படாத கரடி இந்தப் பழத்துக்காகப் பட்டப்பகலில் மரமேறி நிற்பதும் உண்டு. கச்சான் காற்று அனலாய் வீசும் இதே நாட்களில்தான் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் ஆயிரக்கணக்கான அடியார்கள் உகந்தையிலிருந்து காட்டுக்குள் இறங்கி, குமுக்கன் ஆற்றைக் கடந்து யால வழியாக நடக்கிறார்கள். கதிர்காமப் பள்ளிவாசலின் கொடியேற்றமும் அதே பருவத்தில்தான். ஆகஸ்ட் அளவில் மயில் தோகையை உதிர்த்துவிடும், தோகை விரித்த மயிலைப் படம் பிடிக்க வருகிறவர்கள் ஜனவரி, பெப்ரவரியில் வர வேண்டும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை வரட்சியின் உச்சம். யானை பார்க்க இதுதான் காலம். சொல்லப்போனால் குமணவை விட லாகுகலயில் நன்றாகப் பார்க்கலாம். பொத்துவிலில் இருந்து மொனராகலை வீதியில் பதினைந்து கிலோமீற்றர் அளவு போனால் வரும். லாகுகல, கித்துலான, செங்கமுவ என்று மூன்று குளங்கள். தண்ணீர் இறங்கியதும் குளத்தில் பெரு என்று சொல்லப்படும் ஒருவகைப் புல் வளர்ந்து நிற்கும். அதைத் தின்ன மாலை நேரங்களில் யானைகள் கூட்டமாக இறங்கும். பிரதான வீதியால் போகும்போதே சில நாட்களில் காணலாம்.

ஆனால் யானையை ஜீப்பில் இருந்து பார்க்கிறவனின் கதை வேறு, வயலில் இருந்து பார்க்கிறவனின் கதை வேறு. பொத்துவில் விவசாயிக்குப் பருவங்களைச் சொல்லித் தர யாரும் தேவையில்லை. மாரி வெள்ளாமை குடலை தள்ளிப் பால் பிடிக்கும் ஜனவரியில் யானை வட்டைக்குள் இறங்கும். அப்போது பரணில் இரவு முழுவதும் காவல். அறுவடை முடிந்து நெல்லை வீட்டில் அடுக்கியதும், வரட்சியில் அதே நெல்லின் வாசத்துக்குச் சுவரை இடிக்கும். என் மாமா ஒருவர் முப்பது வருடம் பரணில் கிடந்தவர். யானை வெடியும் பந்தமும்தான் அவருடைய ஆயுதம். யானை மேல் அவருக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டால் இருந்தது. ஆனால் எந்தக் கிழமையில் எந்தப் பக்கத்தால் வரும் என்று அவருக்குத் தெரியும், அதற்கு ஏற்ப ஆயத்தமாக இருந்தார்.

அந்த ஒழுங்கு இப்போது குழம்புகிறது. 2023 இல் மட்டும் இலங்கையில் 470 இற்கும் மேற்பட்ட யானைகளும் 160 இற்கும் மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் உட்பட உயிரிழந்தார்கள். யானை வாழும் நிலத்தின் பெரும்பகுதியில் மனிதனும் வாழும் நாடு இது, யானையைப் பூங்காவுக்குள் தள்ளி வேலி அடித்தால் முடிந்துவிடும் காரியம் அல்ல. பன்றிக்கு வைக்கும் ஹக்கபட்டாஸைக் கடித்துத் தாடை சிதறி, தின்ன முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகும் யானைக்குட்டிகளைப் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது.

இதைவிட எனக்குக் கூச்சம் தருவது எமது குப்பை. ஒலுவில், அஷ்ரப் நகர் பக்கம் பள்ளக்காட்டில் எமது கரையோர ஊர்களின் குப்பை கொட்டப்படும் மேட்டில் யானைகள் நின்று பொலித்தீன் தின்னும் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக் தின்று இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வெளியானது. அவை குமண யானைகள் அல்ல, இடையில் தூரம் அதிகம். நான் இதை இங்கே சொல்வதற்குக் காரணம் பருவம். புல்லுக்கும் பழத்துக்கும் தண்ணீருக்கும் பருவம் உண்டு. குப்பைக்குப் பருவம் இல்லை. ஜனவரியிலும் கிடைக்கும், ஆகஸ்டிலும் கிடைக்கும். அந்த மேட்டைக் கண்டுபிடித்த யானை நடப்பதை நிறுத்திவிடுகிறது. மழைக்கு ஒரு காடு, வரட்சிக்கு ஒரு குளம் என்று அது போய் வந்த பாதை மறந்து, ஊரின் ஓரத்திலேயே தங்கிவிடுகிறது. பிறகு இரவில் அது எங்கே வரும் என்று என் மாமாவைப் போன்ற ஒருவராலும் சொல்ல முடியாது. குர்பான் நாளில் கழிவைப் பொலித்தீன் பையில் கட்டி எறிகிறோமே, அந்தப் பை போகும் இடம் இது. இறைச்சி வாசனை உள்ள பையையும் உப்புச் சுவை உள்ள பையையும் மிருகம் பிரித்துப் பார்ப்பதில்லை, அப்படியே விழுங்கும்.

அதே பை பயணத்திலும் வருகிறது. பாணமை தாண்டியதும் வீதியோர மர நிழலில் வேனை நிறுத்திப் புரியாணி சாப்பிட்டுவிட்டுச் சோற்றுப் பார்சலை அங்கேயே விட்டுப் போன அடையாளத்தை ஒவ்வொரு பெருநாள் கழிந்தும் பார்க்கிறேன்.

இந்த முறை என் கொழும்பு மச்சான் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவதாகச் சொன்னார். யானை வேண்டுமென்றால் ஆகஸ்டில் லாகுகலவுக்கு வாருங்கள், வாத்தும் மயிலும் வேண்டுமென்றால் பெப்ரவரியில் வாருங்கள் என்றேன். 2030 இல் நோன்புப் பெருநாளே பெப்ரவரி முதல் வாரத்தில் வந்துவிடும், அதுவரை பொறுக்கவும் செய்யலாம் என்று பகிடியாகச் சொன்னேன். "இல்ல மச்சான், பிள்ளையளுக்கு லீவு இப்பதான்" என்றார். அப்படியென்றால் வாருங்கள், ஆனால் ஒரு ஹயஸ் ஆட்கள் மட்டும் வில்லுக்குப் போகட்டும், மற்றவர்கள் உல்லையில் குளிக்கட்டும், பாட்டுப் பெட்டியை என் வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்றேன். சரி என்றிருக்கிறார். என் பழைய தொலைநோக்கியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.